தலைவருக்காகப் பத்தியம் இருந்தவன்

பரோட்டா எண்ணெயில் விழுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காய்ந்த பனையோலைமேல் திடீரென்று மழை இறங்கினால் ஒரு சத்தம் வருமே, அது. நான் கொப்பரைப்பட்டியில் குடியிருந்த காலத்தில் அந்த மழை தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெய்தது. வானத்து மழை எப்போதாவதுதான் வந்தது. அதை அந்த ஊரில் யாரும் பெரிதாக எதிர்பார்க்கவும் இல்லை.

சத்தம் வந்த இடம் காசிலிங்கத்தின் கடை. அங்கே பரோட்டாவைக் கல்லில் சுட்டு எடுப்பதோடு விடுவதில்லை. வண்டிச் சக்கரம் போல ஒரு சட்டி, அது நிறையக் கடலை எண்ணெய், அதில் பரோட்டாக்கள் நீந்தும். பொரிந்ததை எடுத்து நொறுக்கிச் சால்னாவை ஊற்றினால் ஊரே மௌனமாகிவிடும். கொப்பரைப்பட்டிக்காரர்கள் பேசாமல் இருக்கிற நேரம் அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் யோசிப்பார்கள். அதையும் வாய்விட்டுத்தான் யோசிப்பார்கள். அதுதான் அந்த ஊரைப் பிடித்த வியாதி.

பஞ்சாயத்துத் தலைவர் வெயிலுமுத்து, தன் ஆபீஸ் படிகளை ஏற முடியாமல் பாதியில் உட்கார ஆரம்பித்தார். மனைவி சொர்ணத்தாய் அவரை டவுனுக்கு அழைத்துப் போனாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு சுருக்கமாகச் சொன்னார்.

"எண்ணெய், நெய், ஆட்டுக்கறி மூணையும் விடணும். காலையில நடக்கணும். இல்லேன்னா இந்த நெஞ்சு அடுத்த பொங்கலைப் பார்க்காது."

சொர்ணத்தாய் திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். வெயிலுமுத்துவும் அழுதார். அவர் அழுதது பரோட்டாவை நினைத்து.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடியது. முக்கியமான விஷயமென்றால் காசிலிங்கத்தின் கடை பெஞ்சில்தான் கூடுவார்கள். டாக்டர் சொன்னதைத் தலைவர் சொல்லி முடித்ததும், பூசாரி உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். ஊரில் சட்டச் சிக்கல்களைத் தீர்ப்பவர் அவர்.

"இன்னதை விடணும், இத்தனை தூரம் நடக்கணும், உயிர் பிழைக்கும். இது வேண்டுதல்தானே அண்ணாச்சி" என்றார்.

"டாக்டர் என்னைப் பார்த்துல்ல சொன்னாரு" என்றார் தலைவர்.

"வேண்டிக்கிறவன்கூட என்னைப் பார்த்துத்தான் வேண்டிக்கிறான். நானா மொட்டை போடுறேன்?"

இந்த இடத்தில் பெத்தணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிலமோ உறவோ இல்லாதவன், நாற்பது வயது இருக்கலாம். ஊரில் யார் வேண்டிக்கொண்டாலும் நிறைவேற்றிக் கொடுப்பது அவன்தான். பிள்ளைக்கு அம்மை போட்டால் தீச்சட்டி எடுப்பான். மாடு காணாமல் போனால் பிரகாரத்தில் உருளுவான். தீ மிதிப்பான். அவன் தலையில் முடி முளைக்க ஊர் விட்டதே இல்லை. அதற்கெல்லாம் கூலி, காசிலிங்கத்தின் கடையில் ராத்திரிச் சாப்பாடு. அந்த மழைச் சத்தத்துக்காக அந்த ஊரில் உண்மையாகவே பசியோடு காத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

"உங்க பேரனுக்கு அம்மை போட்டப்ப தீ மிதிச்சது யாரு?" என்று பூசாரி கேட்டார்.

"பெத்தணன்."

"அம்மை யாருக்கு இறங்குச்சு?"

"பேரனுக்கு."

"அவ்வளவுதான்."

சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெத்தணனைக் கூப்பிட்டார்கள்.

"எத்தனை நாளைக்கு அண்ணாச்சி?" என்று அவன் கேட்டான்.

"நான் பிழைக்கிற வரைக்கும்" என்றார் தலைவர்.

பெத்தணன் கொஞ்ச நேரம் சட்டியைப் பார்த்தான். பிறகு "சரிங்க" என்றான்.

சொர்ணத்தாய்க்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்ப இவங்க என்ன சாப்பிடுறது?"

பூசாரி சிரித்தார். "தாயி, தீ மிதிக்கிறவனுக்குத்தான் கால் சுடணும். வேண்டிக்கிட்டவர் பந்தல்ல உட்கார்ந்து மோர் குடிக்கலாம். அவரையும் காலை வைன்னு சாமி என்னைக்காவது சொல்லியிருக்கா?"

தலைவர் உடனே பரோட்டா சொன்னார். உயிர் பயம் நீங்கியதால் அன்று வழக்கத்தைவிட அதிகமாகவே இறங்கியது.

மறுநாளிலிருந்து பத்தியம் தொடங்கியது. பெத்தணன் அவித்த பீர்க்கங்காயும் உப்பு குறைந்த கஞ்சியும் சாப்பிட்டான். பலன் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்பதால் தலைவர் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். காலையில் பெத்தணன் கண்மாய்க் கரை வரை நடந்தான். நடை தலைவர் கணக்கில் சேர வேண்டுமென்று அவருடைய செருப்பைப் போட்டு அனுப்பினார்கள். செருப்பு தேய்ந்தது. வருகிறவர்களிடமெல்லாம் தலைவர் அதைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, எப்படி நடந்திருக்கேன்."

சொர்ணத்தாய் வாரம் தவறாமல் பெத்தணனை ரைஸ்மில் தராசில் நிறுத்திப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரங்க நல்லா எளைச்சிட்டாங்க" என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனாள். அதே வாரங்களில் தலைவரின் சட்டைகளைத் தையல்காரர் பிரித்துப் பிரித்து அகலப்படுத்தினார். இப்போது வருகிற துணியெல்லாம் சுருங்குகிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு வசதியான வைத்தியத்தைத் தலைவருக்கு மட்டும் விட்டுவைக்க ஊருக்கு மனம் வரவில்லை. ரேஷன் கடைக்காரர் தனக்கு ஆகாத சீனியை விடுகிற வேலையைப் பெத்தணனிடம் ஒப்படைத்தார். ரத்தக்கொதிப்புக்காரர்கள் உப்பை ஒப்படைத்தார்கள். காசிலிங்கமே மாவுப் பண்டம் அத்தனையும் ஒப்படைத்தார். சளி பிடித்த ஒரு அம்மாள் பீர்க்கங்காய் குளிர்ச்சி என்று சொல்லி அதையும் நிறுத்தினாள். கடைசியில் யாருடைய வியாதிக்கும் ஆகாததென்று சொல்லப்படாமல் மிஞ்சியது, உப்பில்லாத கஞ்சித் தண்ணீர்.

"பசிக்குதுங்க அண்ணாச்சி" என்றான் பெத்தணன் ஒரு நாள்.

"எனக்குப் பசிக்கலையே" என்றார் தலைவர், ஏப்பம் விட்டபடி. "பூசாரி, இது எப்படி?"

"அதுதான் பலன்" என்றார் பூசாரி.

இப்படி இருக்கையில்தான் மங்கையர்க்கரசி வந்து சேர்ந்தார். நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்பவர். சாப்பாட்டுக் கொழுப்பைப் பற்றிக் கிராமத்து மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. என்ன நினைக்கிறார்கள் என்பதுதான். என்ன தின்கிறார்கள் என்பது வேறொருவருடைய ஆராய்ச்சியாம். நிழலுக்காகக் காசிலிங்கத்தின் கடை வாசலில், கடைக்கு முதுகைக் காட்டி மேசை போட்டு உட்கார்ந்தார். ஊர் வரிசையில் நின்றது.

"எண்ணெய் அதிகமானால் நெஞ்சுக்குக் கெடுதல் என்று நம்புகிறீர்களா?"

"முழுசா நம்புறோம்மா" என்றார் தலைவர்.

"குறைக்க வேண்டும் என்று எண்ணம் உண்டா?"

"எண்ணம் என்னம்மா, விட்டே மாசக்கணக்காச்சு."

"கஷ்டமாக இல்லையா?"

"ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு ஆளைப் போட்டிருக்கோம்."

ஆள் என்றால் வைத்திய ஆலோசகர் என்று மங்கையர்க்கரசி எடுத்துக்கொண்டார். படித்தவர்களுக்கு இப்படி ஒரு சௌகரியம் உண்டு. காதில் விழுந்தது போதாத இடத்தில் தங்களுக்குத் தெரிந்ததைப் போட்டு நிரப்பிக்கொள்வார்கள். அடுத்து வந்தவரும், அதற்கடுத்து வந்தவரும் அதையே சொன்னார்கள். இத்தனை நல்ல மனப்பான்மையை அவர் எந்த ஊரிலும் கண்டதில்லை. அப்போது முதுகுக்குப் பின்னால் முதல் பரோட்டா எண்ணெயில் விழுந்தது. அவர் தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தார்.

"மழையா?"

"இந்த ஊர்ல சாயங்காலமானா தவறாதும்மா" என்றார் காசிலிங்கம், பணிவாக.

அடுத்து ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. ஊசியும் ஒரு வேண்டுதல்தான் என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். ஆகவே ஒவ்வொருவர் பெயரைக் கூப்பிட்டபோதும் பெத்தணன் போய் உட்கார்ந்தான், ஒரு முறை இடக்கை, ஒரு முறை வலக்கை. ரத்தம் எடுத்த பெண் முகங்களைப் பார்க்கிறவள் இல்லை, கைகளைத்தான் பார்த்தாள். இவ்வளவு சுலபமாக நரம்பு அகப்படுகிற ஊரை அவளும் கண்டதில்லை.

முடிவு வந்தது. கொப்பரைப்பட்டியில் ஒருவர் ரத்தத்தில்கூடக் கொழுப்பு இல்லை. ஆணென்றும் பெண்ணென்றும், கிழமென்றும் இளசென்றும் வித்தியாசமில்லாமல் ஊரே ஒரே ரத்தமாக இருந்தது. மங்கையர்க்கரசி இதை ஒரு பெரிய சபையில் வாசித்தாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். பிறகு ஊர் எல்லையில் நட ஒரு பலகை கொடுத்து அனுப்பினார். 'கொழுப்பை வென்ற கிராமம்' என்று அதில் எழுதியிருந்தது.

பலகையை நட்ட அன்று சாயங்காலம் பந்தல் போட்டு விருந்து. ஆடுகள் வெட்டினார்கள். காசிலிங்கத்தின் சட்டி மத்தியானத்திலிருந்தே சத்தம் போட்டது. கொழுப்பை வென்றவர்கள் வரிசையாக உட்கார்ந்து தின்றார்கள். பெத்தணனுக்கும் இலை போட்டு, மரியாதையாகக் கஞ்சித் தண்ணீர் வைத்தார்கள்.

நெய்ச் சோற்றில் கை வைத்திருந்த தலைவர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வியர்த்தது.

"வலிக்குது" என்றார்.

சொர்ணத்தாய் ஓடி வந்தாள். கூட்டம் பெத்தணனைத் திரும்பிப் பார்த்தது.

"ஏப்பா, உனக்கு நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டார் பூசாரி.

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வயிறுதாங்க வலிக்குது."

"அப்ப நெஞ்சு இல்லை அண்ணாச்சி, வெறும் வாயு" என்றார் பூசாரி. ஆனாலும் தலைவரின் உதடு நீலமாகிக்கொண்டு வந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள்.

வண்டி வந்தது. "யாருக்கு நெஞ்சுவலி?" என்றார் அதில் வந்தவர்.

"தலைவர் வெயிலுமுத்துவுக்கு" என்று சொல்லிப் பெத்தணனை முன்னால் தள்ளினார்கள்.

வந்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் பந்தலில் நோயாளி மாதிரி இருந்தவன் அவன் ஒருவன்தான். பெத்தணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது அதன்மேல் ஆக்சிஜன் மூடியை மாட்டினார். தூணில் சாய்ந்திருந்த தலைவர் கையை ஆட்டி அவசரப்படுத்தினார்.

"சீக்கிரம் ஏத்துங்கப்பா. பார்த்து, மெதுவா. எனக்கு ரொம்ப வலிக்குது."

பூசாரி துணைக்கு ஏறிக்கொண்டார். வண்டி அலறிக்கொண்டு போனது.

விருந்து முடிவதற்குள் பூசாரியிடமிருந்து போன் வந்தது. காசிலிங்கம் ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னார். "நெஞ்சு கல்லு மாதிரி இருக்காம். ஒரு குறையும் இல்லையாம். ஆள்தான் பட்டினியாம். நெய்யும் முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் நிறையக் கொடுக்கச் சொல்றாராம் பெரிய டாக்டர்."

பந்தலே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. தலைவர் கண்ணைத் திறந்து, "வெறும் வாயுன்னு பூசாரி அப்பவே சொன்னாரே" என்றார். டாக்டர் உத்தரவுப்படி சூப்பைக் கொண்டுவந்து ஊட்டினார்கள். இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய் உள்ளே போகாமல் நின்றது. சாப்பிடும்போது அவர் பேசுகிற வழக்கம் இல்லையென்பதால் எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

சொர்ணத்தாய்தான் அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். வைத்த விரலை எடுக்காமலே கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப ஆஸ்பத்திரியில நல்லா இருக்கிறது யாரு?"

கொப்பரைப்பட்டியின் வரலாற்றில் கேட்கப்பட்ட உருப்படியான ஒரே கேள்வி அது.

விடிந்ததும் பெஞ்சில் கூட்டம். பூசாரி முதல் பஸ்ஸிலேயே திரும்பி வந்திருந்தார்.

"சாவு யாருக்கு வந்திருக்கு?" என்று ஆரம்பித்தார்.

"தலைவருக்கு."

"தலைவருக்கு வந்ததையெல்லாம் இதுவரைக்கும் யாரு பார்த்துக்கிட்டது?"

"பெத்தணன்" என்றார் காசிலிங்கம். பிறகு கொஞ்சம் தயங்கினார். "இதையும் கேட்டா செய்வானா?"

"தங்கமான மனுஷன். இதுவரைக்கும் எதுக்கு மாட்டேன்னு சொல்லியிருக்கான்? முறைப்படி போய்க் கேட்கணும்."

முறைப்படியே போனார்கள். வேன் பிடித்து, புது வேட்டியும் ரோஜா மாலையும் ஊதுபத்தியும் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி மாடியேறி, வெயிலுமுத்து என்று எழுதியிருந்த கட்டிலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். கட்டில் காலியாக இருந்தது. காலையில் கொடுத்த முட்டைகளைத் தின்றுவிட்டு, பக்கத்தில் பரோட்டாக் கடை இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு ஆள் போய்விட்டதாக நர்ஸ் சொன்னாள்.

மாலையை வீணாக்க வேண்டாமென்று கட்டிலுக்குப் போட்டுவிட்டு வந்தார்கள்.

பெத்தணன் ஊருக்குத் திரும்பவில்லை. சாத்தூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் மாவு பிசைகிறான். தலையில் நிறைய முடி இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு அங்கேயே.