எழுதுற ஆளும் கழிக்கிற ஆளும்

மேலக்குடைவூர் பேரூராட்சி ஆபீஸ் ரெக்கார்டு ரூமுக்குத் தற்காலிகமா மூணு பேரை எடுத்தாங்க. மகிமைராஜ், ஏகாம்பரம், நான். மூணு பேருமே காலேஜைப் பாதியில விட்டவங்க. மூணு பாதியும் சேர்ந்தா ஒன்றரைப் படிப்பு வருதேன்னு எங்களுக்குக் கொஞ்சம் திமிரு வேற.

தலைமை எழுத்தர் எழிலரசி மேடம் முதல் நாளே விளக்குனாங்க.

"ரெக்கார்டு கீப்பிங் வேற, ரெக்கார்ட்ஸ் மேனேஜ்மென்ட் வேற. நடக்குறத நடந்தபடி எழுதி வெக்கிறது கீப்பிங். எதை எவ்வளவு நாள் வெக்கணும், வேலை முடிஞ்சத எப்பக் கழிக்கணும்னு முடிவு பண்றது மேனேஜ்மென்ட். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

குழப்பக் கூடாதுன்னு ரூம் நடுவுல சாக்பீஸால கோடு போட்டோம். இந்தப் பக்கம் மகிமை, எழுதுற ஆளு. அந்தப் பக்கம் ஏகாம்பரம், கழிக்கிற ஆளு. நான் கோட்டு மேலயே நின்னேன். ரெண்டும் தெரியாதவனுக்கு அதான் சரியான இடம்.

மகிமை நடந்ததை நடந்தபடி எழுதுனான். 'ஃபேன் சுத்துகிறது. ஃபேன் இன்னும் சுத்துகிறது. ஒரு ஈ உள்ளே வந்தது. ஒரு ஈ வெளியே போனது.'

"அதே ஈ தானாடா?"ன்னு கேட்டேன்.

பேனாவைக் கீழ வெச்சுட்டான். "தெரியலையே! வேற ஈயா இருந்தா முதல் ஈ இன்னும் உள்ள இருக்குமே?"

மத்தியானம் பூரா தேடினோம்.

ஏகாம்பரம் ஒரு பழைய ஃபைல் கட்டைப் பிரிச்சான். "இது என்ன?"

"பிறப்புப் பதிவு"ன்னேன்.

"குழந்தைங்க பொறந்துருச்சா?"

"பொறந்ததாலதான எழுதியிருக்காங்க."

"அப்ப வேலை முடிஞ்சது. கழி."

இறப்புப் பதிவை மட்டும் அவன் தொடல. "இவங்க இன்னும் செத்துப்போன நிலைமையிலதான் இருக்காங்க. நடப்புல உள்ள விஷயம், இருக்கட்டும்"னான். என்ன ஒரு மூளைன்னு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கொல்லைப்பக்கம் தீ வெச்சோம். மகிமை பக்கத்துலயே நின்னு எழுதுனான்: 'பிறப்புகள் நன்றாக எரிந்தன.'

மறுநாள் எங்க ஊரு பொற்கொடி அக்கா, தன் மகள் தென்றலைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. "தம்பி, ஸ்கூல்ல சேர்க்க இன்னிக்குத்தான் கடைசி. பிறப்புச் சான்று இல்லாம சீட்டு கிடையாதாம். சீக்கிரம் எடுத்துக் குடுங்கப்பா."

"உங்க பொண்ணோடது எரிஞ்சதுக்குப் பக்காவா பதிவு இருக்குக்கா!"ன்னான் மகிமை பெருமையா.

"எரிச்சீங்களா? நாசமாப் போறவனுங்களா! எம்புள்ள படிப்பு போச்சேடா!"

நாங்க கோட்டு மேல கூடிப் பேசினோம்.

"பதிவு இல்லன்னா அந்தப் பாப்பா இன்னும் பொறக்கல"ன்னான் மகிமை.

"பொறக்காமலேயா முறுக்கு திங்குது?"

"அப்ப இப்பதான் பொறந்திருக்கணும்!"னான் ஏகாம்பரம்.

அதானே! உடனே பதிவு பண்ணோம். பிறந்த தேதி, இன்னிக்கு. பழைய பேப்பர் கடையிலேர்ந்து தராசு வாங்கிட்டு வந்து பாப்பாவை நிறுத்தோம். பிறந்த எடை, பத்தொன்பது கிலோ. பிறந்ததும் அழுததான்னு ஒரு கட்டம். 'இல்லை. ஊசி போடுவீங்களா என்று கேட்டது.' நானே சீல் குத்துனேன். அக்கா சீலை மட்டும் பார்த்துட்டு ஸ்கூலுக்கு ஓடிட்டாங்க.

போன வேகத்துலயே திரும்பி வந்தாங்க. "வயசு பத்தலையாம்! இன்னிக்குப் பொறந்த குழந்தையை எப்படி ஒண்ணாங்கிளாஸ்ல சேர்க்குறதுன்னு எல்லாரும் சிரிக்கிறாங்கடா!"

சத்தம் கேட்டு மேடம் வந்தாங்க. நாங்க குடுத்த சான்றைப் படிச்சாங்க. அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாங்க. அப்புறம் தென்றல் பொறந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அங்க இருந்த நகலை வரவழைச்சு, ஸ்கூல்லயும் பேசி சீட்டை வாங்கிக் குடுத்தாங்க. அக்கா எங்களை ஒரு முறை முறைச்சுட்டுப் போனாங்க.

மேடம் எங்க பக்கம் திரும்புனாங்க. "இதுல சுகப்பிரசவம்னு வேற எழுதியிருக்கீங்க. அதை எதை வெச்சுடா எழுதுனீங்க?"

மகிமை பணிவா ஒரு அடி முன்னால வந்தான்.

"எங்க கண்ணு முன்னாலதான் மேடம் நடந்துச்சு. குழந்தை செருப்பை வாசல்ல கழட்டி விட்டுட்டு, தானா நடந்து வந்துச்சு."