டப்பா நிறைந்த நாள்

ஒரு ஊரில் ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது. அதற்குக் கர்வம் என்றால் கொஞ்சநஞ்சக் கர்வம் இல்லை. இருக்காதா பின்னே? அதன் நெஞ்சிலே ஒரு குழந்தைப் படம். கொழுகொழுவென்று, கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பி, சதா சிரித்துக்கொண்டே இருக்கும். செண்பகவடிவு அந்த டப்பாவைத் தன் தம்பி பெண்டாட்டி இசக்கிக்குக் கொண்டுவந்தாள். பிள்ளை பார்க்க வெறுங்கையோடு வர முடியுமா?

இசக்கிக்கு அது தலைப்பிள்ளை. பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. குடிப்பான், தூங்குவான், உடனே முழித்து மறுபடியும் அழுவான்.

"ஏட்டி, புள்ள ஏன் இப்படிக் கத்துதான்?" என்றாள் செண்பகவடிவு.

"இப்பதான் மதினி குடிச்சான்."

"குடிச்சவன் எதுக்கு அழணும்? உனக்குப் பால் பத்தல. இந்தப் படத்தப் பாரு. நம்ம புள்ள இப்படி ஆக வேண்டாமா?"

இசக்கி படத்தைப் பார்த்தாள். மடியில் கிடந்த சுருங்கின முகத்தையும் பார்த்தாள். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. பச்சைப்பிள்ளைக்கு வயிறு சின்னது, அடிக்கடி பசிக்கத்தான் செய்யும் என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் நாதியில்லை.

டப்பா அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. அங்கிருந்தே தாய்ப்பாலை அதட்டியது. "இனி உனக்கு இங்கே வேலை இல்லை. கிளம்பு."

"அவன் அழுகிறானே, அது என்னைக் கூப்பிடுகிற சத்தம்," என்றது தாய்ப்பால். "அவன் சப்பச் சப்பத்தான் நான் ஊறுவேன். கூப்பிடாவிட்டால் எனக்கு வரத் தெரியாது."

"அடேயப்பா, என்ன பிகு! என்னைக் கூப்பிடவே வேண்டாம். மூடியைத் திறந்தால் போதும். தாயில்லாப் பிள்ளைகளையே வளர்த்துவிட்ட வம்சம் நான்."

அது பொய்யும் இல்லை. "அளவாய்க் கலக்கினால் வளர்ப்பாய்," என்றது தாய்ப்பால். டப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வீட்டுக்குப் பாட்டில் வந்தது. பிள்ளை தாயின் நெஞ்சுக்கு வருவது குறைந்தது. தாய்ப்பால் காத்திருந்து பார்த்தது. கூப்பிடுவார் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, கடைசியில் போயே போய்விட்டது.

டப்பா பாதியானது. இசக்கியின் புருஷன் சுடலை லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். அடைமழை பிடித்து லாரி வரவில்லை. அடுத்த டப்பா எப்போது என்று யாருக்கும் தெரியாது. இசக்கி அதே தண்ணீருக்கு மூன்று கரண்டிப் பொடியை இரண்டாக்கினாள். அப்புறம் ஒன்றாக்கினாள். எப்படிக் கலக்கினாலும் வெள்ளையாகத்தானே இருக்கிறது!

டப்பாவுக்குத் திக்கென்றது. "அடி பாவி மகளே, என் முதுகைத் திருப்பிப் பாரு! அளவு போட்டிருக்கு!" என்று கத்தியது. டப்பா கத்தினால் யார் காதில் விழும்? முதுகில் இருந்த எழுத்தோ எறும்புச் சாரை மாதிரி பொடிப்பொடியாக, அதுவும் இங்கிலீஷில். நெஞ்சில் இருந்த படம் மட்டும் யாருக்கும் புரியும்.

ஒருநாள் பிள்ளை அழுவதை நிறுத்தினான்.

"பாத்தியாட்டி, எவ்வளவு சமத்தா இருக்கான்!" என்று செண்பகவடிவு பூரித்துப்போனாள். "டப்பாப் பால் வயித்துல நின்னுட்டு."

அழத் தெம்பில்லாமல்தான் கிடக்கிறான் என்று டப்பாவுக்குத் தெரியும். அதன் கர்வமெல்லாம் எங்கே போயிற்றோ! "உன் காலில் விழுகிறேன், திரும்பி வா," என்று தாய்ப்பாலைக் கெஞ்சியது.

"எனக்கு மட்டும் வர ஆசையில்லையா?" எங்கோ தொலைவிலிருந்து குரல் வந்தது. "ஒரே ஒருதரம் அவனைக் கூப்பிடச் சொல்."

இசக்கி மனசு கேட்காமல் பிள்ளையை எடுத்து நெஞ்சில் போட்டுப் பார்த்தாள். அவன் வாயை வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டான். சப்பவில்லை.

பிறகு வயிற்றுப்போக்கு கண்டது. நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் குழியில் பால் ஊற்ற வேண்டும். கொண்டுபோக ஒரு பாத்திரம் தேடினார்கள். செண்பகவடிவு அலமாரியில் கிடந்த காலி டப்பாவைக் கழுவி, அழுதுகொண்டே பால்காரரிடம் நீட்டினாள்.

"புள்ளைக்கு ஊத்தணும்ணே. ஒரு சொட்டுத் தண்ணி கலக்காம, நல்ல பாலாக் குடுங்க."

பொடியைத் தவிர வேறெதையும் அறியாத டப்பாவில் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பால் நிறைந்தது. நெஞ்சில் இருந்த குழந்தை அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தது. இசக்கி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டுக் கெட்டியா நான் ஒருநாளும் அவனுக்குக் குடுக்கலையே, மதினி."