கரடியம்மா வாயில் கடுக்காய்

இலவங்காய்கள் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்த ஒரு காட்டில் ஒரு கரடியம்மா இருந்தாள். அவளுக்குப் பாசம் அதிகம். பொறுமை கொஞ்சமும் கிடையாது.

அவளுடைய குட்டியின் பெயர் உருண்டை. கரடிகள் கறையானை எப்படிச் சாப்பிடும் தெரியுமா, குழந்தைகளே? புற்றை நகத்தால் உடைக்கும். மண்ணைப் 'பூ' என்று ஊதித் தள்ளும். பிறகு கறையானைச் 'சர்ர்' என்று உறிஞ்சும். உருண்டைக்கோ உதடு குவியாது. ஊதவும் வராது, உறிஞ்சவும் வராது. அம்மா வாயில் கொண்டுவந்து ஊட்டுவதில் பாதிக் கறையான் வழியிலேயே தப்பி ஓடிவிடும். பெயர்தான் உருண்டை. உடம்பில் விலா எலும்பு தெரிந்தது.

அந்தக் காட்டில் ஒரு கீரியும் இருந்தாள். இளம்பெண், கெட்டிக்காரி. நடக்கவோ பறக்கவோ தின்னவோ சிரமப்படும் குட்டிகளுக்கு விளையாட்டாகவே பயிற்சி கொடுப்பாள். கரடியம்மா உருண்டையை அவளிடம் அழைத்துப் போனாள்.

கீரி உருண்டையின் உள்ளங்கையில் கொஞ்சம் பஞ்சை வைத்தாள். பிறகு சும்மா உட்கார்ந்தாள்.

உருண்டை பஞ்சைப் பார்த்தான். கீரியைப் பார்த்தான். அந்தப் பக்கம் போன எறும்பைப் பார்த்தான். மறுபடியும் பஞ்சைப் பார்த்தான். கீரி அசையவே இல்லை. மெல்ல அவன் உதடு குவிந்தது. 'ஃப்...' பஞ்சு லேசாக நடுங்கியது.

"ஊதிவிட்டான்! என் ராஜா ஊதிவிட்டான்!" என்று கரடியம்மா குதித்தாள். தரை அதிர்ந்தது.

"இங்கே எப்போதாவது ஊதினால் போதாது அக்கா. வீட்டில் தினமும் இதை விளையாடுங்கள். அவனாக ஊதும்வரை காத்திருங்கள்," என்றாள் கீரி.

"இதென்ன பெரிய வேலை! காத்திருந்தால் போச்சு."

ஆனால் அடுத்த முறை வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது. "நீயே இவனை இங்கே வைத்துக்கொள் தங்கச்சி. வீட்டில் ஊதவே மாட்டேன் என்கிறான். ஒரு மரத்துப் பஞ்சே தீர்ந்துவிட்டது."

"அவன் ஊதவில்லை என்றால் பஞ்சு எப்படித் தீர்ந்தது?" என்று கேட்டாள் கீரி.

உருண்டை பெருமையோடு சொன்னான்: "அம்மா ஊதினாங்க! எங்க அம்மா ரொம்ப நல்லா ஊதுவாங்க!"

கரடியம்மா தலையைச் சொறிந்தாள். "அது வந்து... இப்படித்தான் ஊதணும் என்று காட்டினேன். அவன் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது. நானே..."

கீரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பக்கத்து மரத்தடியில் கிடந்த ஒரு கடுக்காயை எடுத்து வந்தாள்.

"இது பலமான மருந்து அக்கா. பஞ்சு விளையாடும்போதும் புற்றுக்குப் போகும்போதும் வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் பலிக்காது."

"சரி. உருண்டை, வாயைத் திற!"

"அவனுக்கு இல்லை. அம்மா வாயில் இருந்தால்தான் வேலை செய்யும்."

மறுநாள் காலை உருண்டை பஞ்சை ஏந்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். அம்மா ஊதவில்லை. "ஊது" என்றும் சொல்லவில்லை. துவர்ப்பில் அவள் கண்தான் சுருங்கிச் சுருங்கி விரிந்தது.

மரத்தில் இருந்த குரங்கு இதைக் கவனித்தது. அதற்கு வம்பு என்றால் உயிர். "என்ன கரடியம்மா, வாயில் கொழுக்கட்டையா?"

"ம்ம்ம்!" என்று உறுமினாள் கரடியம்மா. இன்னும் நன்றாகத் திட்டியிருப்பாள். கடுக்காய் விடவில்லை.

உருண்டைக்கு ஒரே சிரிப்பு. அம்மாவின் கன்னத்தை அமுக்கிப் பார்த்தான். "ம்ம்ம்!" மூக்கை இழுத்துப் பார்த்தான். "ம்ம்ம்ம்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேறு வழி இல்லாமல் கடைசியில் பஞ்சைப் பார்த்தான். உதட்டைக் குவித்தான்.

'ஃபூ!'

பஞ்சு அம்மாவின் மூக்கில் போய் ஒட்டிக்கொண்டது. அவளுக்குத் தும்மல் வந்தது. கடுக்காய்க்காகத் தும்மலையும் விழுங்கிவிட்டாள். உருண்டை அடுத்த பஞ்சை எடுத்தான்.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான். ஊத வந்த பிறகு மரப்பொந்துத் தேனையும் உறிஞ்சிப் பார்த்தான். முதலில் முகமெல்லாம் தேன். போகப் போக வாய்க்குள்ளும் போயிற்று.

ஒரு நாள் கரடியம்மா பெரிய கறையான் புற்று ஒன்றை உடைத்தாள். மண் சரிந்து ஓட்டையை மூடியது. உள்ளே கறையான்கள் ஓடும் சத்தம் கேட்டது. உருண்டையின் வயிறும் சத்தம் போட்டது. 'ஊதிவிடலாமா?' என்று அவளுக்குத் தோன்றியது. மூச்சைக்கூட இழுத்துவிட்டாள். நாக்கில் கடுக்காய் இடறியது. அப்படியே நின்றாள்.

உருண்டை அம்மாவைப் பார்க்கவே இல்லை. நேராகப் புற்றில் முகத்தை வைத்தான்.

'பூஊஊ!'

மண் பறந்தது. அம்மாவின் முகம் முழுக்கப் புழுதி. அடுத்து, 'சர்ர்ர்ர்!'

அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டுக் குரங்குகூடக் கிளையை விட்டு நழுவிற்று. கரடியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கடுக்காய் எங்கோ தெறித்து விழுந்தது. அவள் தேடவில்லை.

மீசையெல்லாம் மண்ணோடு உருண்டை நிமிர்ந்தான்.

"அம்மா, பக்கத்துப் புற்றையும் உடைங்க. அதையும் நானே ஊதுறேன்!"

நீதி: பிள்ளைக்காக நாமே செய்துவிடுவதைவிட, பிள்ளை தானாகச் செய்யும்வரை பக்கத்தில் பொறுத்திருப்பதே பெரிய உதவி.