முப்பது நாள் புடவை

"சரின்னு சொல்லிட்டாம்மா. மறுபேச்சே இல்ல. அப்புறம் எனக்கு ஏன் சோறு இறங்க மாட்டேங்குது?"

நீலமேகம் இப்படிக் கேட்டபோது அஞ்சுகத்தம்மாள் மடத்துச் சமையற்கட்டில் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்.

மாயவரத்தில் அந்த மடத்துக்குப் பெரிய பெயரெல்லாம் கிடையாது. மதியம் பன்னிரண்டு மணிக்கு இலை போடுவார்கள், சோறு தீரும்வரை பரிமாறுவார்கள். அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நீலமேகத்துக்கு ஐம்பத்தெட்டு. தன்னைவிட அத்தனை வயது சின்னவரைக் குருவாக வரித்துக்கொண்டு, ஆறு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் ஒரு கேள்வியோடு வந்து நிற்பவர். பதில் கிடைத்ததா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

"யாரு சரின்னு சொன்னது?"

"என் சம்சாரம். தையல்நாயகி."

"எதுக்கு?"

நீலமேகம் அம்மாவிடம் காட்டலாமென்று கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்த ஜவுளிக்கடைப் பையை மடிக்கு நகர்த்திக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மகள் அபிராமிக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அம்மா உடுத்திக்கொள்ள, மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட பட்டுப்புடவை ஒன்றைக் கடைத்தெருப் பெரிய ஜவுளிக்கடையில் எடுத்தாகிவிட்டது. எடுத்துப் பதின்மூன்று நாள் ஆகிறது. அடுத்த வியாழன் ஆடி ஒன்று. அன்றைக்கு அதே கடையில் அதே புடவை நாலில் ஒரு பங்கு விலை குறையப்போகிறது. வாசலில் பலகையே வைத்துவிட்டார்கள்.

முப்பது நாளைக்குள் மடிப்புக் கலையாமல் கொண்டுபோனால் அந்தக் கடையில் பணத்தைத் திருப்பித் தருவார்கள். ஆகவே நீலமேகம் மனைவியிடம் ஒரு யோசனை சொன்னார். நிச்சயத்துக்குப் பழைய பச்சைப் பட்டைக் கட்டிக்கொள்ளட்டும். ஆடி பிறந்ததும் இந்தப் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இதையே மலிவாக வாங்கிக்கொள்ளலாம்.

தையல்நாயகி சரி என்றாள்.

"தப்பாம்மா? கடைக்காரன் போட்ட சட்டம்தான். நான் யாரையும் ஏமாத்தல. ஒரு பொய் சொல்லல."

"தப்புன்னு நான் சொன்னேனா?" அம்மா உலக்கையைச் சுவரில் சாய்த்தார். அவர் கண்கள் அகலமாகிவிட்டன. "இப்படி ஒரு வித்தை இருக்குன்னே எனக்குத் தெரியாது. நல்லா உக்காருங்கய்யா. முதல்லேருந்து சொல்லுங்க."

நீலமேகத்துக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா தன்னிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கேட்பதா! சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எதை வாங்கினாலும் முதல்ல பிரிக்கக் கூடாதும்மா. மிக்ஸின்னா அட்டைப்பெட்டி கிழியக் கூடாது. சட்டைன்னா அந்த அட்டை, கிளிப்பு, குண்டூசி எல்லாம் அப்படியே இருக்கணும்."

"குண்டூசி கூடவா?"

"காலர்ல ரெண்டு, கையில ஒண்ணு, முதுகுல மூணு. ஒண்ணு குறைஞ்சாலும் சந்தேகப்படுவாங்க."

"அடேயப்பா. அப்புறம்?"

"பீரோவுல வச்சிருவேன். தினம் விலை பார்ப்பேன். இறங்கிச்சுன்னா திருப்பிக் கொடுத்துட்டு மறுபடி வாங்கிருவேன்."

"மறுபடி வாங்கினா மறுபடி முப்பது நாளா?"

"ஆமாம்மா. அதுலேருந்து முப்பது நாள்."

"அதுக்குள்ள இன்னொரு தடவை இறங்கினா?"

"இன்னொரு தடவை போவேன்." நீலமேகத்தின் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "ஒரு குக்கர் மூணு தடவை போயிட்டு வந்துதும்மா. புரட்டாசியில வாங்கினது, தைப் பொங்கலுக்குத்தான் அடுப்புல ஏறிச்சு."

"அதுவரைக்கும்?"

"பழைய குக்கர்தான். கைப்பிடி ஆடும். தையல்நாயகி துணியைச் சுத்திப் பிடிச்சுக்குவா."

அம்மா அதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். "எங்க, அந்தப் புடவையைக் காட்டுங்க. பாக்கணும்போல இருக்கு."

நீட்டிய கை மணிக்கட்டு வரை மஞ்சள்.

"அம்மா, கை! கை!" என்று கத்திக்கொண்டு நீலமேகம் பையோடு பின்னால் நகர்ந்தார். நகர்ந்த வேகத்தில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது.

அப்புறம்தான் யாரிடம் கத்தினோம் என்பது உறைத்தது. முகம் சுண்டிப்போய்விட்டது.

"மன்னிச்சிருங்கம்மா. மஞ்சள் பட்டுட்டா கடையில எடுக்க மாட்டாங்க. அதான்."

இதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. புதுத்துணியின் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துத்தான் வீடுகளில் உடுத்துவார்கள். அந்தப் பொட்டு விழுந்தபின் கடையில் அதைத் தொடமாட்டார்கள். திரும்பி வருகிற துணியில் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அய்யா, ஒரு சந்தேகம்."

"கேளுங்கம்மா."

"அந்த முப்பது நாளும் அது யாரோட புடவை?"

"என்னோடது. பில்லு என் பேர்லதானே இருக்கு?"

"நீங்க கட்டுவீங்களா?"

"ஐயோ. தையல்நாயகியோடதும்மா."

"அப்ப அவங்க கட்டிக்கிடட்டுமே."

நீலமேகம் பையை இறுக்கிப் பிடித்தார். "அப்ப கடையோடதுன்னு வச்சுக்குங்க."

"கடைதான் வித்துருச்சே."

நீலமேகம் பைக்குள்ளிருந்த பில்லை எடுத்துப் பார்த்தார்.

"தெரிஞ்சுக்கிட்டு வாங்கய்யா," என்றார் அம்மா. "எனக்கு நெசமாவே தெரியல."

அதில் கிண்டல் துளியும் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் நீலமேகம் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இப்போது நேராகக் கடைத்தெருவுக்குப் போனார்.

துணியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் மேஜை மூன்றாவது மாடியில், படிக்கட்டை ஒட்டி. அங்கே உட்கார்ந்திருக்கும் செலின் என்ற பெண்ணுக்கு நீலமேகத்தை நன்றாகத் தெரியும்.

"வாங்க சார். இன்னும் ஆடி பொறக்கலியே?"

"திருப்பிக் கொடுக்க வரலம்மா. ஒண்ணு கேக்கணும். வாங்கி, பிரிக்காம வச்சிருக்குற முப்பது நாளும் துணி யாரோடது? சட்டப்படி என்ன?"

செலின் ஒரு சேலையை மூக்கருகே வைத்து மோந்துகொண்டிருந்தாள். நீலமேகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். இருந்தாலும் நல்ல பெண், யோசித்தாள்.

"சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது சார். நான் இதை மோந்து பாக்குறேன்ல, எதுக்குங்கிறீங்க? யாராவது இதுக்குள்ள இருந்திருக்காங்களான்னு பாக்கத்தான். வேர்வை, பவுடரு, மல்லிப்பூ, சாம்பிராணி, பச்சப்புள்ள பால் கக்கினது, ஏதாவது ஒரு வாசனை வரும். வந்துச்சுன்னா அது அவங்களோடது, எடுக்க மாட்டேன். வரலேன்னா எங்களோடது, எடுத்துக்குவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்." பிறகு செலின் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க வீட்டுலேருந்து வர்றதை மட்டும் நான் மோந்தே பாக்கிறதில்ல. தேவையே இல்ல. நானும் சேர்ந்து அஞ்சு வருசம் ஆச்சு. ஒரு துணியில, ஒரு தடவை, ஒரு கை பட்டதில்ல. புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு உங்க துணியைக் காட்டித்தான் சொல்லிக் கொடுப்பேன். இப்படி இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம்னு."

நீலமேகம் பழக்கத்தில் பெருமையாகச் சிரித்தார். முதல் மாடிப் படிக்கட்டில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் பார்த்தபோது சிரிப்பைக் காணோம்.

அவர் வீட்டுக்குப் போனபோது தையல்நாயகி கூடத்தில் உட்கார்ந்து பழைய பச்சைப் பட்டின் பார்டரில் விட்டுப்போன இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். நீலமேகம் பையை நாற்காலியில் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தையலு, அந்தப் புடவை உனக்குப் பிடிச்சிருக்கா?"

"எந்தப் புடவை?"

"நிச்சயத்துக்கு எடுத்தோமே."

"ஓ, அதுவா." ஊசியில் நூல் கோத்தாள். "இன்னும் பாக்கலியே."

"என்ன இன்னும் பாக்கல? நீதானே எடுத்த? ரெண்டு மணி நேரம் உக்காந்து எடுத்த."

"எடுத்தேன். அதுக்கப்புறம் பாக்கல. முப்பது நாள் ஆகட்டும்னு வச்சிருக்கேன்."

"பாத்தா என்ன?"

தையல்நாயகி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மறைக்க வேண்டிய விஷயமாக அவளுக்கு அது தோன்றவில்லை. இட்லி மாவுப் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"முன்னெல்லாம் எடுத்து எடுத்துப் பாப்பேன். ஆசையா இருக்கும். அப்புறம் நீங்க திருப்பிக் கொண்டுபோவீங்க. அதேதான் திரும்பி வரும், இல்லேங்கல. ஆனா நடுவுல ஒரு மாதிரி ஆயிரும். அதனால பழகிக்கிட்டேன். முப்பது நாளைக்கு ஒரு பொருளைப் பிடிக்காம வச்சுக்க எனக்குத் தெரியுங்க. கஷ்டமெல்லாம் இல்ல."

நீலமேகம் நாற்காலியிலிருந்த பையைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன ஒண்ணு, முப்பத்தோராவது நாள் சரி, இனிமே பிடிக்கட்டும்னு எடுத்துப் பாப்பேன். சில சமயம் பிடிக்கவே மாட்டேங்குது." அவளுக்கே அது வேடிக்கையாக இருந்தது போலிருக்கிறது, சிரித்தாள். "அந்த ஊதா கலரை இன்னும் ஒரு தடவைகூடக் கட்டல பாருங்க."

"அபிராமி ஒண்ணும் கேக்கலியா? நீ பழசு கட்டுறேன்னு?"

"கேட்டா. எனக்குப் பச்சைதாண்டி ராசின்னு சொல்லிட்டேன். நம்பிட்டா."

பெண்ணின் நிச்சயத்தில் சபை நடுவே நிற்கப்போகிறவள், பத்து வருஷத்துப் பழைய பட்டின் ஓரத்தை மறுபடி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். நீலமேகத்துக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரியும் இருந்தது. வாசல் பக்கம் எழுந்து போய்ச் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மடத்துக்குப் போனார். வெள்ளிக்கிழமையில் அவர் அங்கே போனதே இல்லை.

அம்மா இடித்த மஞ்சளைச் சலித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தார். குழந்தை மாதிரி ஆவலாகக் கேட்டார்: "தெரிஞ்சுதாய்யா? யாரோடதாம்?"

"யாரோடதும் இல்லம்மா. அந்த முப்பது நாளும் யாரோடதும் இல்ல."

"அப்படியா!" அம்மா சல்லடையைத் தட்டினார். சற்றுப் பொறுத்து, "புடவை மட்டுந்தானா?" என்றார்.

நீலமேகம் நின்றுகொண்டே இருந்தார். பீரோவும், அட்டைப்பெட்டிகளும், ஆடுகிற கைப்பிடியைத் துணி சுற்றிப் பிடிக்கும் ஒரு கையும் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. தையல்நாயகி எப்போது கடைசியாக ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தார். அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

"கொஞ்சம் மஞ்சள் கொடுங்கம்மா."

"வீட்டுல இல்லையா?"

"இருக்கு. போற வழியில மனசு மாறிட்டா? கையிலேயே இருக்கட்டும்."

அம்மா வாழையிலைக் கிழிசலில் ஒரு பிடி மஞ்சளை அள்ளி வைத்து மடித்துக் கொடுத்தார். நீலமேகம் கும்பிட மறந்துபோய் வெளியே நடந்தார்.

வழியில் தையற்கடையில் நின்று, ஞாயிறு காலைக்குள் ஒரு ரவிக்கை தைத்துத் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டார். முடியும் என்றார்கள்.

வீட்டில் தையல்நாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நீலமேகம் பையிலிருந்து புடவையை எடுத்தார். மேலே இருந்த கண்ணாடித்தாளைக் கிழித்தார். கிழிகிற சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். விலைச்சீட்டு நூலை இழுத்து அறுத்தார். மடிப்பைப் பிரித்தார். மாம்பழ நிறம் கூடம் முழுக்க விழுந்தது.

இலையைத் திறந்து, தண்ணீர் தொட்டு, கட்டைவிரலால் குழைத்தார். மஞ்சள் வைத்துப் பழக்கமில்லாத கை. ஒரு பொட்டு வைக்கப் போய், ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு அப்பிவிட்டது.

தையல்நாயகி ஈரக்கையோடு ஓடி வந்தாள். அவள் புடவையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள்.

"என்னங்க இது? பில்லைத் தொலைச்சிட்டீங்களா?"

"இல்ல."

"பின்ன? நாள் தாண்டிருச்சா?"

"இல்ல தையலு," என்றார் நீலமேகம். "இன்னும் பதினாறு நாள் இருக்கு."