கஸ்பார் வள்ளத்துக்கு டேங்கு செய்த கதை

நண்டுத்துறைக்காரர்கள் புத்திசாலிகள் என்று கடற்கரை முழுக்கப் பெயர். அப்படிச் சொல்லும்போது மூன்று பேரை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த மூன்று பேருக்கு இதில் வருத்தம் கிடையாது. ஊருக்கு அந்தப் பெயரே தங்களால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவன் கஸ்பார். அடுத்தவன் அவனுடைய பெண்டாட்டி பிலோமினாளின் அண்ணன் தொம்மை. மூன்றாவது, கஸ்பாரின் சித்தப்பா மகன் லாசர். ஆள் குட்டை, குரல் மட்டும் நெட்டை.

கஸ்பாருக்கு ஒரு பழைய மரவள்ளம் இருந்தது. நாலு வருஷமாகக் கரையில் கவிழ்ந்து கிடந்ததைப் புதுப்பிக்கப் புறப்பட்டான். பலகை இடுக்குகளை ஆசாரி அடைத்துக் கொடுத்தார். இன்ஜினை மெக்கானிக் சரி பண்ணினார். இவர்கள் மூவரும் கை வைக்காததால் இரண்டு வேலையும் நன்றாகவே முடிந்தன. பாக்கி இருந்தது டீசல் டேங்கு. பழைய இரும்பு டேங்கு துருப்பிடித்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது.

மாதா கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்கு ஊர் வள்ளங்கள் எல்லாம் கொடி கட்டிக் கடலில் வரிசையாகப் போகும். பிலோமினாள் வாசலில் நின்று சொன்னாள்:

"நாலு வருசமா எங்க அம்மா வீட்டு ஆளுக வந்து, 'ஒங்க வள்ளம் எங்க'ன்னு கேக்காக. இந்தத் திருவிழாவுக்கும் அது கரையில கெடந்துச்சு, கோடாலியால பொளந்து அடுப்புல வச்சு மீன் கொழம்பு காய்ச்சிருவேன், பாத்துக்கிடுங்க."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"என்ன மீனு மைனி?" என்று கேட்டான் லாசர்.

அன்றைக்கே மூவரும் பக்கத்து ஊர் வடிவு அக்காவிடம் போனார்கள். ஃபைபர் படகு செய்வதில் அந்தப் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "டேங்குதானே? வைக்கிற எடத்த அளந்து, அளவக் கொண்டாங்க" என்றாள்.

மறுநாள் காலை கஸ்பாரும் தொம்மையும் லாசரைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பட்டறையில் இறக்கினார்கள். லாசர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"இவனுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் வடிவு அக்கா.

"ஒண்ணும் வரல. டேங்கு வைக்கிற எடத்துல இவன் இப்படித்தான் கச்சிதமா உக்காந்தான். அளவு மாறிரக் கூடாதுன்னு அப்படியே பஸ்ஸுல கொண்டாந்தோம்" என்றான் தொம்மை.

"சீக்கிரம் அளங்கக்கா, கழுத்து வலிக்கி" என்றது அளவு.

வடிவு அக்கா டேப்பை எடுத்து லாசரை அளந்தாள். திருவிழாவுக்குள் முடிக்க வேண்டிய படகுகளே அவளுக்குத் தலைக்குமேல் கிடந்தன. அதனால் சாமான்களைக் கொடுத்து, செய்முறையையும் சொல்லி அனுப்பினாள்.

"பலகையில பெட்டி மாதிரி அச்சு செய்யுங்க. அதுக்கு மெழுகு தேய்க்கணும், மெழுகு இல்லாத எடத்துல ஒட்டிக்கிடும். இந்த ரெசின் பசையில ஹார்டனரக் கலந்தா, இறுகுறதுக்குள்ள பூசிரணும். பூசி, இந்த ஃபைபர் துணி மேட்ட மூணு சுத்து சுத்துங்க. ஒவ்வொரு சுத்துக்கும் நல்லா உருட்டணும். காத்து நிக்கக் கூடாது. காஞ்சதும் அச்ச எடுத்துருங்க. டேங்கு மூச்சு விட ஒரு ஓட்ட போடுங்க. கடைசியில தண்ணி ஒழுகுதான்னு பாத்துட்டு மாட்டுங்க."

தொம்மை ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்தான். வினையே அதில்தான் ஆரம்பித்தது.

பலகைப் பெட்டியை ஆறு பக்கமும் அடைத்து ஒழுங்காகவே செய்துவிட்டார்கள். அடுத்தது மெழுகு.

"மெழுகு இல்லாத எடத்துல ஒட்டிக்கிடும்னா, எந்த எடத்துல மச்சான்?" என்றான் கஸ்பார்.

"எந்த எடம்னு அக்கா சொல்லலியே மாப்ள. அப்ப எல்லா எடமும்தான்."

பெட்டிக்குத் தேய்த்தார்கள். வாளிக்குத் தேய்த்தார்கள். பிரஷ்ஷுக்கு, கைகளுக்கு, தொம்மையின் வழுக்கைக்கு, பக்கத்தில் படுத்திருந்த நாய்க்கு எல்லாம் தேய்த்தார்கள். அதற்கப்புறம் யாராலும் எதையும் பிடிக்க முடியவில்லை. நாயையும் பிடிக்க முடியவில்லை.

ரெசினில் பாதியை வாளியில் கொட்டி ஹார்டனரைக் கலந்தார்கள். முதல் பூச்சு யார் பூசுவது என்று பேச்சு வந்தது.

"வள்ளம் என்னுது" என்றான் கஸ்பார்.

"தங்கச்சி என்னுது" என்றான் தொம்மை.

"அளவு என்னுது" என்றான் லாசர்.

மூன்றும் நியாயமாகத்தான் பட்டன. நிதானமாகப் பேசி, சீட்டுக் குலுக்கி, லாசர் பெயரை எடுத்துத் திரும்பியபோது வாளியிலிருந்து புகை வந்தது. ரெசின் கல்லாகிவிட்டிருந்தது. வாளிக்கும் மெழுகு தேய்த்திருந்ததால், கவிழ்த்ததும் வாளி வடிவத்திலேயே அழகாகக் கழன்று விழுந்தது.

"டேங்கு வரலன்னா என்ன, வாளி செய்யக் கத்துக்கிட்டோமே" என்றான் லாசர். உள்ளே இடமே இல்லாத வாளி அது.

மறுநாள் கொஞ்சமாகக் கலந்து, கலந்த கையோடு பூசிவிட்டார்கள். இனி மேட்டை மூன்று சுற்று. ஆளுக்கொரு முனையாக மேட்டைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி நடந்தார்கள். இரண்டாவது சுற்றில் கஸ்பாருக்குச் சந்தேகம் வந்து வடிவு அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, வலமாச் சுத்தணுமா, எடமாச் சுத்தணுமா?"

"எப்படிச் சுத்துனா என்னவே?"

"இல்ல, லாசருக்குத் தல சுத்துது. அதான் கேட்டேன்."

வடிவு அக்கா பிரஷ்ஷைக் கீழே வைக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "நீங்க சுத்தாதீங்க தம்பி. மேட்ட பெட்டி மேல சுத்துங்க" என்றாள்.

அப்படியே சுற்றினார்கள். அடுத்து, நன்றாக உருட்ட வேண்டும். வடிவு அக்கா அதற்கென்று ஒரு சின்ன இரும்பு உருளை கொடுத்திருந்தாள். புதுச் சாமான் அழுக்காகிவிடும் என்று அதைப் பையிலேயே பத்திரமாக வைத்துவிட்டு, தொம்மையும் லாசரும் பெட்டியைக் கடற்கரை முழுக்க உருட்டினார்கள். பொழுது உச்சிக்கு வந்ததும் கடல்காற்று நின்றுபோனது.

"மாப்ள, காத்து நின்னுட்டு! நிக்கக் கூடாதுன்னு சொன்னாள்லா!"

கஸ்பார் ஒரு பனையோலையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, பெட்டிக்குப் பின்னாலேயே விசிறிக்கொண்டு ஓடினான்.

முதல் சுற்று முடிந்தபோது பெட்டியில் மணலும் சிப்பியும் அப்பியிருந்தன. இரண்டாவது சுற்றில் கிழிந்த வலை ஒன்றும் சில தக்கைகளும் ஏறிக்கொண்டன. மூன்றாவதில் யாருடைய செருப்போ. வெயிலில் எல்லாம் சேர்ந்து இறுகியபோது டேங்கு மூன்று லாசர் பருமன் இருந்தது.

"நல்ல வளத்தி" என்றான் கஸ்பார் பெருமையாக.

இனி உள்ளே இருக்கும் பலகையை வெளியே எடுக்க வேண்டும். வாசல் இல்லை.

"கரையான விட்டுப் பாப்போமா?" என்றான் லாசர்.

"திருவிழாவுக்கு ரெண்டு நாள்தான் இருக்கு. கரையானுக்கு அத யாரு சொல்லுறது?" என்றான் தொம்மை.

கடைசியில் மூச்சு விடும் ஓட்டையை முதலில் போடுவது என்று முடிவானது. ஓட்டை எவ்வளவு பெரிசு வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ரம்பத்தால் அறுத்து, லாசரை உள்ளே இறக்கினார்கள்.

"மூச்சு விட முடியுதாலே?"

"முடியுது அண்ணே!"

"அப்ப ஓட்ட சரிதான்."

லாசர் உள்ளேயே இருந்து பலகையை உடைத்துத் துண்டு துண்டாக வெளியே எறிந்தான்.

திருவிழா நாள் காலையில் டேங்கை உருட்டிக்கொண்டு அலையோரம் வந்தார்கள். வள்ளத்தை ஊர்க்காரர்கள் முந்தின நாளே தண்ணீரில் இறக்கிக் கட்டியிருந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் டேங்கு உள்ளே நுழையவில்லை.

"டேங்கு பெரிசாப் போச்சா, வள்ளம் சின்னதாப் போச்சா?" என்றான் கஸ்பார்.

"நாலு வருசம் வெயில்ல கெடந்துச்சுல்லா மாப்ள. வள்ளம் சுருங்கியிருக்கும்."

"அது கெடக்கட்டும். ஒழுகுதான்னு பாத்துட்டுத்தான மாட்டணும்?" என்றான் லாசர்.

அதுவும் சரிதான். ஆனால் அதில் தண்ணீர் ஊற்ற இருபது குடமாவது வேண்டும். தண்ணீரை டேங்கில் ஊற்றுவதற்குப் பதில் டேங்கைத் தண்ணீரில் விட்டால் போதாதா என்று தொம்மைக்குத் தோன்றியது. உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல லாசர் ஏறிக்கொண்டான். தள்ளிவிட்டார்கள்.

"ஒரு சொட்டு வரல அண்ணே!" என்று கத்தினான் லாசர். கொஞ்சம் தள்ளிப் போய், "இன்னமும் வரல!" என்றான். அதற்கப்புறம் குரல் மெல்லிசாகக் கேட்டது. கரைக்காற்று அவனை நேராக ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பிலோமினாள் கோடாலியோடு வந்தாள். கடலைப் பார்த்தாள். ஓட்டைக்கு மேலே லாசரின் தலை மட்டும் தெரிந்தது.

"ஐயோ, ஆள் போறாம்லா! வள்ளத்த எடுங்க!"

"எப்படி எடுக்க? டேங்கு போயிட்டே" என்றான் கஸ்பார்.

"டீசல் எங்க?"

"கேன்லதான் இருக்கு."

பிலோமினாள் கோடாலியைக் கடாசிவிட்டு வள்ளத்தில் ஏறினாள்; கஸ்பாரும் தொம்மையும் பின்னாலேயே ஏறினார்கள். டீசல் குழாயைக் கேனுக்குள் சொருகி, கேனை அண்ணன் தலைமேல் ஏற்றினாள். "இறக்கினீரு, கொன்னுருவேன்" என்றாள். இன்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. நாலு வருஷத்துக்குப் பிறகு கஸ்பாரின் வள்ளம் அலையை வெட்டிக்கொண்டு போனது, பிலோமினாள் சுக்கான் பிடிக்க.

லாசர் திருவிழா வரிசைக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தான். சுற்றியிருந்த வள்ளங்களிலிருந்து சனம் கையாட்ட, அவனும் கையாட்டிக்கொண்டிருந்தான். டேங்கைக் கயிறு போட்டுக் கட்டி, வரிசையோடு வரிசையாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். பிலோமினாளின் அம்மா வீட்டு ஆட்கள் கரையில் நின்று கைதட்டினார்கள். கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது.

கரையேறியதும் பிலோமினாள் விருந்தாளிகளைக் கவனிக்கப் போனாள். மூவரும் மணலில் உட்கார்ந்து டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அழகா மெதக்குது! கடல்ல இதுக்குச் சமானம் கெடையாது" என்றான் கஸ்பார்.

"ஒரு இன்ஜின் மட்டும் வச்சிட்டா, நாம மூணு பேரும் அதுலயே தொழிலுக்குப் போயிரலாம் அண்ணே" என்றான் லாசர்.

"இன்ஜின் வச்சா டீசல் ஊத்த எடம் வேணும்லா?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். தொம்மைதான் முதலில் எழுந்தான்.

"அதான் வள்ளம் சும்மா நிக்கே மாப்ள. எவ்வளவு டீசல் பிடிக்கும்!"

பொழுது சாய்வதற்குள் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய், வள்ளத்துக்கு மூடி போடப் பலகை அறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.