பின்வாசலை அடைத்த முள்ளம்பன்றி

ஏரிக்கரைக்கு எதிரே இருந்த மேட்டில் கோட்டையப்பன் என்ற முள்ளம்பன்றிக்குச் சொந்தமாக ஒரு வளை இருந்தது. முன்வாசல் ஏரியைப் பார்த்தபடி தாழ்வில் இருக்கும். அங்கிருந்து உள்ளே போனால் இரண்டு அறை. அதற்குப் பின்னால் நீளமாக ஒரு நடைவழி மேடேறி, உச்சியில் பின்வாசலில் முடியும். கோட்டையப்பன் பக்கத்து மேட்டில் குடியிருந்துகொண்டு இந்த வளையை வாடகைக்கு விட்டிருந்தார்.

பவளக்கொடி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு அங்கே குடியிருந்தாள். அவள் புருஷனை நரி கொண்டுபோய்விட்டது. முன்னால் ஆபத்து வந்தால் பின்னால் ஓடிவிடலாம் என்றுதான் தேடிப் பிடித்து அந்த வீட்டுக்கு வந்தாள்.

ஒருநாள் பெருச்சாளி ஒன்று வீடு கேட்டு வந்தது.

"நான் ஒண்டிக்கட்டை. சின்ன போர்ஷன் போதும். ஆனா தனி வாசல் வேணும்."

கோட்டையப்பனுக்கு உடனே அந்த நடைவழி நினைவுக்கு வந்தது. சும்மா கிடக்கிற இடம் அல்லவா! குறுக்கே ஒரு சுவர் வைத்தால் பின்வாசலோடு ஒரு போர்ஷன் தயார். புத்தி போன போக்கைப் பாருங்கள்.

பவளக்கொடி பதறினாள். "அண்ணாச்சி, பின்வாசலை நம்பித்தானே இங்க குடிவந்தேன். அதை அடைச்சா எப்படி?"

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது அந்தப் பக்கமா ஓடியிருக்கியாம்மா?"

"ஓட வேண்டி வரல. வந்தா?"

"வரும்போது பார்த்துக்கலாம். இஷ்டமில்லேன்னா வேற வீடு பாரு."

மழைக்காலம் நெருங்கும் நேரத்தில் மூன்று குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள்? வாயை மூடிக்கொண்டாள். கோட்டையப்பன் புற்றுமண்ணைக் குழைத்துச் சுவர் வைத்தார். காய்ந்ததும் அது கல்லாக இறுகியது. யானை முட்டினாலும் உடையாது என்று, குடிவந்த பெருச்சாளியிடம் பெருமையடித்தார்.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலையில் கொஞ்சம் வெறித்தது. குட்டிகள் பசியில் அழுதன. "நான் வர்ற வரைக்கும் வெளியே தலை நீட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பவளக்கொடி புல் தேடிப் போனாள்.

அவள் போன சற்று நேரத்தில் ஏரிக்கரை உடைந்தது. முன்வாசல் வழியே தண்ணீர் பாய்ந்து வந்தது. குட்டிகள் மேடான பக்கம் ஓடின. அங்கே சுவர் நின்றது.

சுவருக்கு மறுபக்கம் படுத்திருந்த பெருச்சாளிக்குப் பிறாண்டும் சத்தம் கேட்டது. "குட்டிங்க மாட்டிக்கிச்சுங்க! ஓடி வாங்க!" என்று பின்வாசலில் நின்று கத்தியது. கோட்டையப்பன் விழுந்தடித்து ஓடிவந்தார். இருவரும் தோண்டினார்கள். அவருடைய நகங்கள் பிய்ந்து ரத்தம் வந்தது. சுவர் அசையவில்லை. உள்ளே பிறாண்டும் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது.

ஒருவழியாகச் சுவர் உடைந்தபோது சேற்றுத் தண்ணீரோடு மூன்று குட்டிகளும் வந்து விழுந்தன. ஒன்றுக்கும் மூச்சில்லை. கடைக்குட்டியின் நகங்களுக்குள் புற்றுமண் அப்பியிருந்தது.

வாயில் புல்லோடு பவளக்கொடி வந்து நின்றாள். வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரே பேச்சுதான் கோட்டையப்பன் வாயில் வந்தது.

"அட்வான்ஸா குடுத்த கிழங்கை எல்லாம் திருப்பித் தந்துடறேம்மா. வேற நல்ல வீடாப் பார்த்துக்கோ."

பவளக்கொடி புல்லைக் கீழே வைத்தாள்.

"யாருக்கு அண்ணாச்சி வீடு?" என்றாள்.

அவள் குட்டிகளின் முகத்தில் இருந்த சேற்றை ஒவ்வொன்றாக நக்கித் துடைத்தாள். பெருச்சாளி அன்றைக்கே காலி செய்துகொண்டு போனது. அந்த வளையைக் கேட்டு அதற்குப் பிறகு ஒரு பிராணியும் வரவில்லை.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர், இன்னும் எத்தனை அறை போடலாம் என்று எண்ணும் முன், ஆபத்து வந்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.