கவுன்சிலர் வீட்டுக் கவர்

கவுன்சிலர் தணிகாசலம் எதை வாங்கினாலும் கம்பெனி பிளாஸ்டிக் கவரைப் பிரிக்க மாட்டார். பிரித்தால் பழசாகிவிடுமாம். அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தாலே சரசரவென்று சத்தம் வரும்.

ஒருநாள் மகனின் கையடக்க வீடியோ கேமை செல்போன் ரிப்பேர் கடை ஜமீலாவிடம் நீட்டினார். திரையில் நீளமாக ஒரு கீறல்.

“கீறல் போகணும். ஆனா திரை மேல இருக்கற கவரைப் பிரிச்சா, பிரிச்ச கையை முறிச்சிடுவேன்.”

கீறலே கவரில்தான் இருந்தது. ஜமீலா வாதாடவில்லை. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை மேசையில் ஒட்டி, கேமை அதன்மேல் குப்புற வைத்து அழுத்தினாள்.

“தூக்கிப் பாருங்கய்யா.”

தூக்கினார். கவர் கீறலோடு மேசையிலேயே தங்கிவிட்டது. திரை பளபளத்தது. கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள்.

ஜமீலா பணிவாகக் கேட்டாள்: “முறிக்க வேண்டியது வலது கையா, இடது கையாங்கய்யா?”